ஆவிகிட்ட பிட் அடிக்க முடியாது!

ஃபைனல் இயர் புராஜெக்ட் இப்ப என்ன ரேட் போகுது பாஸ்? டீம்ல நாலு பேர். ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்தா ரெடிமேடா வந்துடும். மாடல் ஒண்ணு, ரிப்போர்ட் ஒண்ணு, வைவாவுல கேட்கக்கூடிய பத்துக் கேள்வி, அதுக்குப் பத்து பதில். சுவிட்சைப் போட்டா ஓடும். ஏன் ஓடுதுன்னு மட்டும் யாரும் கேட்டுடக் கூடாது!

சேச்சே, அட்வைஸ் பண்ண வரலைங்க. ரெக்கார்டு நோட்டை சீனியர்கிட்ட வாங்கி அப்படியே எழுதின பரம்பரைதான் நாம எல்லாம். ஆனா, காப்பி அடிச்சா ஓடவே ஓடாத ஒரு பொருள் உலகத்துல இருக்கு. இந்த வாரம் அதைப் பத்திப் பேசுவோமா?

அது ஒரு நீராவி ரயில் இன்ஜின். நிஜ இன்ஜினில் பதினாறில் ஒரு பங்கு சைஸ். மேஜை மேல தூக்கி வெச்சுடலாம். பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. உள்ளே நிஜ நிலக்கரி எரியணும், நிஜத் தண்ணி கொதிக்கணும், நிஜ பிஸ்டன் நகரணும். அதுக்குப் பின்னாடி ஒரு தள்ளுவண்டியை மாட்டி, அதுல நீங்க கால் நீட்டி உட்கார்ந்தா உங்களையும் இழுத்துக்கிட்டு ஓடணும். இதை மொத்தமும் கையால செய்யணும்.

இங்கிலாந்துல நூறு வருஷத்துக்கு மேல இதை ஒரு கலையாவே வளர்த்து வெச்சிருக்காங்க. 1898-ல பெர்சிவல் மார்ஷல்னு ஒருத்தர் ‘மாடல் இன்ஜினீயர்’னு ஒரு பத்திரிகையை ஆரம்பிச்சார். வீட்டுக் கொல்லையில ஒரு சின்ன ஷெட், அதுல ஒரு லேத், ஒரு வைஸ், கொஞ்சம் அரம். ஆபீஸ் விட்டு வந்ததும் அங்கே போய் நிக்கிறவங்கதான் அதோட வாசகர்கள். கிளார்க், டாக்டர், வாத்தியார், ரயில்வே தொழிலாளின்னு எல்லாரும் உண்டு. ஒரு இன்ஜின் முடிய அஞ்சு வருஷமும் ஆகும், பத்து வருஷமும் ஆகும்.

‘பெரிய இன்ஜினோட டிராயிங்கை வாங்கி, எல்லா அளவையும் பதினாறால வகுத்துட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு பத்து வருஷம்?’னு தோணுதா? அங்கேதான் விஷயமே இருக்கு.

வகுத்தா என்ன ஆகும்?

நீளத்தைப் பதினாறால வகுத்தா, பரப்பளவு 256-ஆல வகுபடும். கன அளவு 4,096-ஆல வகுபடும். 100 டன் இன்ஜின் 24 கிலோவாகும். 4,000 லிட்டர் தண்ணி பிடிக்கிற பாய்லர் ஒரு லிட்டர் பாட்டிலாகும். இதுவரைக்கும் பிரச்னை இல்லை.

ஆனா தண்ணிக்கு இந்த ஸ்கேல் கணக்கெல்லாம் தெரியாது. பாய்லர் சின்னதுங்கிறதுக்காக அது ஆறு டிகிரியிலயா கொதிக்கும்? 80 பவுண்டு அழுத்தத்துல, பெரிய பாய்லரோ குட்டி பாய்லரோ, 160 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். அதே சமயம் ஒவ்வொரு லிட்டர் தண்ணிக்கும் வெளிக்காத்து படுற பரப்பு பெரிய இன்ஜினை விட 16 மடங்கு அதிகம். சட்டி நிறைய வெச்ச ரசமும், கரண்டியில எடுத்த ரசமும் ஒரே நேரத்துலயா ஆறுது? கரண்டி ரசத்தோட கதைதான் குட்டி பாய்லருக்கும்.

அடுத்து, தீயோட சூடான காத்து பாய்லருக்குள்ள ஓடுற குழாய்கள். பெரிய இன்ஜின்ல சுமாரா 50 மில்லிமீட்டர் விட்டத்துல நூத்துக்கும் மேல குழாய் இருக்கும். பதினாறால வகுத்தீங்கன்னா ஒவ்வொண்ணும் 3 மில்லிமீட்டர். கூல் டிரிங்க்ஸ் ஸ்டிராவை விடச் சின்னது! சாம்பலும் கரியும் சேர்ந்து அரை மணி நேரத்துல அடைச்சுக்கும். சாம்பல் துகள் பதினாறு மடங்கு சின்னதாகாதே!

தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயும் இப்படித்தான். ஸ்கேல்படி மெல்லிசா வெச்சா, பரப்பு இழுவிசையால குழாய்க்குள்ள தண்ணி ஒட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல குமிழி மாட்டிக்கும். உள்ளே தண்ணி தீர்ந்துபோனாலும் ‘ஃபுல்லா இருக்கு’ன்னு பொய் சொல்லும். பாய்லர் விஷயத்துல அந்தப் பொய் உயிருக்கே உலை.

ஆக, பெரிய இன்ஜினை வரிக்கு வரி காப்பி அடிச்சா, பார்க்க அச்சு அசலா இருக்கும். ஓடாது. ஓடணும்னா, அந்தக் குழாய் எதுக்கு அங்கே இருக்கு, அது என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதே வேலையைச் செய்யற வேற ஒரு குழாயை நீங்க யோசிக்கணும். நூறு குழாய்க்கு பதிலா 10 மில்லிமீட்டர்ல ஒரு டஜனோ, ரெண்டு டஜனோ. வெளியே ரிவெட் ரிவெட்டா ஒரிஜினல். உள்ளே உங்க கணக்கு. கைதேர்ந்தவங்க மாடல் எல்லாத்துக்கும் ரகசியம் இதுதான்.

வாராவாரம் எழுதின ஒருத்தர்

இதை உலகத்துக்குப் புரியவெச்சவர் நம்மளை மாதிரியே வாரப் பத்தி எழுதின ஆள்! பேனா பெயர் ‘எல்.பி.எஸ்.சி.’ லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேங்கிற கம்பெனியோட முதல் எழுத்துகளையே பெயரா வெச்சுக்கிட்டவர். அந்தக் காலத்துல பெரிய பெரிய நிபுணர்கள் ஒரு விஷயத்துல உறுதியா இருந்தாங்க. ‘இவ்வளவு சின்ன இன்ஜின்ல நிலக்கரி எரியாது, ஸ்பிரிட் விளக்கு வெச்சுத்தான் தண்ணியைக் கொதிக்க வைக்கணும். அதுவும் பொம்மையைத்தான் இழுக்கும்’னு.

எல்.பி.எஸ்.சி. ஒத்துக்கலை. ‘பெரிய இன்ஜின் பாய்லரோட தத்துவமே போதும். ஆனா சின்னதுக்கு ஏத்த மாதிரி அளவுகளைப் புதுசா போடணும்’னு வாதாடினார். 1920-களோட தொடக்கத்துல இது பெரிய சண்டையாச்சு. ‘பாய்லர் யுத்தம்’னே அதுக்குப் பேரு! அவர் பக்கம் ஆதாரமா நின்னது ‘ஆயிஷா’ங்கிற இன்ஜின். தண்டவாள அகலம் ரெண்டரை அங்குலம்தான். உள்ளங்கையை விரிச்சு வெச்சா தண்டவாளம் ரெண்டும் மறைஞ்சுடும். நிலக்கரியைத் தின்னுட்டு, வளர்ந்த ஆம்பளை ஒருத்தரை உட்காரவெச்சு இழுத்துக் காட்டுச்சு. விவாதம் ஓவர்!

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நிறைய குழாய் வெச்ச பாய்லர்தான் 1829-லயே ஸ்டீபன்சனோட ‘ராக்கெட்’ இன்ஜினை ஜெயிக்கவெச்சது. ரெயின்ஹில்ங்கிற ஊர்ல நடந்த போட்டி. பரிசு 500 பவுண்டு. ஒரே பெரிய குழாய் வெக்கிற பழைய வழக்கத்தை விட்டுட்டு, ராக்கெட்ல 25 செம்புக் குழாய் வெச்சாங்க. சூடு படுற பரப்பு கூடுச்சு, ஆவி பொங்குச்சு. இந்த யோசனையைச் சொன்னவர் ஹென்றி பூத். அவர் இன்ஜினீயரே இல்லை, ரயில்வே கம்பெனியோட செக்ரட்டரி! ஆக, ‘இது உனக்கு எதுக்கு? நீ பி.காம் தானே?’ன்னு யாராவது கேட்டா இவரைச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் எல்.பி.எஸ்.சி. பல வருஷம் எழுதினார். லேத்தையே தொடாதவனுக்கும் புரியற மாதிரி, ‘இந்த வாரம் சக்கரம், அடுத்த வாரம் சிலிண்டர்’னு பக்கத்துல உட்கார்ந்து சொல்ற பாணி. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் புதுசா பழகறவங்களுக்குன்னே ‘டிச்’னு ஒரு குட்டி நாலு சக்கர இன்ஜினை வடிவமைச்சார். மூன்றரை அங்குலத் தண்டவாளம். 1967-ல அவர் இறந்துட்டார். ‘டிச்’ செய்யறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

சரி, எப்படிச் செய்யறாங்க?

முதல்ல சட்டம். ரெண்டு நீள இரும்புப் பட்டை, 3 மில்லிமீட்டர் கனம். ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் ஷாப்புல ‘வி’ கட் அடிச்சு, அரத்தால ராவி ராவி கை காய்ச்சுப் போச்சே, ஞாபகம் இருக்கா? அதே வேலைதான். ஒரே ஒரு தந்திரம்: ரெண்டு பட்டையையும் சேர்த்து ரிவெட் அடிச்சு, ஒண்ணா அறுத்து, ஒண்ணா துளை போட்டு, அப்புறம்தான் பிரிப்பாங்க. அளவுல ஒரு நூல் தப்பு வந்தாலும் ரெண்டுலயும் அதே தப்பு வரும், அச்சு கோணாது.

அடுத்து சக்கரம். வார்ப்பிரும்புல வார்த்து வரும். லேத்துல கடையணும். எல்லா ஓட்டுச் சக்கரத்துக்கும் கடைசிக் கட்டிங்கை ஒரே செட்டிங்ல, கருவியை நகர்த்தாம ஓட்டுவாங்க. விட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கணுமே, அதுக்காக. அப்புறம் வர்றதுதான் பெரிய பரீட்சை. அச்சுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கிராங்கும் அந்தப் பக்கம் இருக்கிற கிராங்கும் 90 டிகிரி விலகி நிக்கணும். ஏன்? பிஸ்டன் ஒரு ஓரத்துக்குப் போய் நின்னுட்டா, எவ்வளவு ஆவி தள்ளினாலும் சக்கரம் சுத்தாது. சைக்கிள் பெடல் நேர் செங்குத்தா நிக்கும்போது மிதிச்சுப் பாருங்க, தெரியும். ஒரு பக்கம் அப்படி மாட்டினாலும் மறுபக்கம் இழுக்கணும்னுதான் இந்த 90 டிகிரி.

இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 90-க்கு பதிலா 89 ஆனா இன்ஜின் ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆனா எல்லா அச்சுலயும் அதே 89-ஆ இருக்கணும். ஒண்ணுல 89, இன்னொண்ணுல 91-ன்னா, சக்கரங்களை இணைக்கிற தண்டு மாட்டிக்கிட்டு முக்கும். அதுக்குன்னு ஒரு ஜிக் செஞ்சு, எல்லா அச்சையும் அதே ஜிக்ல வெச்சுப் பொருத்துவாங்க. ‘துல்லியம்னா என்ன?’ன்னு மெட்ராலஜி புக்ல அஞ்சு மார்க் பதில் படிச்சிருப்போம். துல்லியம் எங்கே வேணும், எங்கே வேண்டாம்னு தெரியறதுதான் அசல் பதில்னு இந்த இன்ஜின் சொல்லிக் கொடுக்கும்.

சிலிண்டர், பிஸ்டன், ஆவியைச் சரியான நேரத்துல உள்ளே விட்டு வெளியே எடுக்கிற வால்வு அமைப்பு. இதுல வால்ஷார்ட்ஸ்னு ஒரு பெல்ஜியம்காரர் 1844-ல கண்டுபிடிச்ச முறைதான் பல இன்ஜின்ல சக்கரத்துக்கு வெளியே ஆடிக்கிட்டே போறது. பழைய படத்துல ரயில் வரும்போது பார்த்திருப்பீங்களே, தண்டுகள் முழங்கை மாதிரி மடங்கி நீளும், அது.

அப்புறம்... பாய்லர்!

செம்புத் தகடு. மரத்துலயோ இரும்புலயோ ஒரு அச்சு செஞ்சு, அதுமேல தகட்டை வெச்சு விளிம்பை மடக்கி அடிக்கணும். செம்போட குணம், தட்டத் தட்ட இறுகும். மேல மேல தட்டினா விரிசல் விடும். அதனால நடுநடுவுல மங்கின சிவப்பு வர்ற வரைக்கும் காய்ச்சி, தண்ணியில முக்கி, மறுபடி இளக்கணும். ஒரே விளிம்புக்கு அஞ்சாறு தடவை காய்ச்சணும். நம்ம ஊர்ல குடம், அண்டா தட்டுறவங்களும் காய்ச்சிக் காய்ச்சித்தான் தட்டுவாங்க. செம்புக்கு பாஷை ஒண்ணுதான்!

ஒட்டறதுக்குச் சாதாரண ஈயப் பற்று உதவாது. அது 180 டிகிரி பக்கத்துலயே உருக ஆரம்பிச்சுடும். பாய்லர் தண்ணியே 160-ஐத் தாண்டி நிக்குதே! அதனால 600 டிகிரிக்கு மேல உருகற வெள்ளிப் பற்று. வெங்காரம் மாதிரி பொடி போட்டு, கேஸ் டார்ச்சால மொத்த பாய்லரையும் சிவக்கக் காய்ச்சினா, வெள்ளி உருகி இடுக்குல சரசரன்னு தானா ஓடிப் பிடிச்சுக்கும். நகைப் பட்டறையில ஊதுகுழல் வெச்சுச் செய்யற வேலையோட பெரியண்ணன்.

இந்த பாய்லருக்கு ஒரு வைவா உண்டு. யாரும் பதில் எழுதிக் கொடுக்க முடியாத வைவா. உள்ளே பச்சைத் தண்ணியை நிரம்ப ஊத்தி, காத்து துளிகூட இல்லாம பண்ணி, கை பம்ப்பால அழுத்தம் ஏத்துவாங்க. 80 பவுண்டுக்கு ஓடப்போற புது பாய்லர்னா 160 பவுண்டு வரைக்கும். அதுல தாக்குப்பிடிச்சு நின்னாத்தான் பாஸ். ஏன் ஆவியில பண்ணாம பச்சைத் தண்ணியில பண்றாங்க? தண்ணி அமுங்காது. எங்கேயாவது விட்டுப்போனா ரெண்டு சொட்டு ஒழுகி, முள் கீழே இறங்கிடும், அவ்வளவுதான். ஆவியோ காத்தோ அப்படியில்லை. அமுங்கின ஸ்பிரிங் மாதிரி, விட்டா வெடிக்கும். இங்கிலாந்து கிளப்கள்ல இதுக்குன்னே பாய்லர் இன்ஸ்பெக்டர் இருக்கார். செஞ்சவர் தானே ‘ஓகே’ சொல்லிக்க முடியாது. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி, சர்ட்டிஃபிகேட் இல்லாத இன்ஜின் கிளப் தண்டவாளத்துல ஏறாது.

(தலைவா, இந்த இடத்துல மட்டும் சீரியஸா கேட்டுக்கோங்க. இதைப் படிச்சுட்டு பழைய குக்கரையோ, பெயின்ட் டப்பாவையோ பாய்லர் ஆக்கற வேலை வேண்டவே வேண்டாம். அழுத்தத்துல ஆவி வெடிச்சா அது பட்டாசு இல்லை, குண்டு.)

ஒரு நாள் அது மூச்சு விடும்

எல்லாம் முடிஞ்சு, முதல் தடவை தீ மூட்டற நாள் வரும். புகைபோக்கி மேல ஒரு குட்டி மின்விசிறி வெச்சுக் காத்தை இழுக்கணும். மண்ணெண்ணெயில ஊறின மரக்கரித் துண்டுகளை முதல்ல போடணும். அப்புறம் புளியங்கொட்டை சைஸ் நிலக்கரி. முள் மெள்ள மெள்ள ஏறும். போதுமான ஆவி வந்ததும் மின்விசிறியை எடுத்துடலாம். இன்ஜின் தன்னோட ஆவியாலயே தன் தீயை இழுத்துக்கும்.

இதுலதான் நீராவி இன்ஜினோட அழகே இருக்கு. சிலிண்டர்ல வேலை முடிச்ச ஆவி புகைபோக்கி வழியா ‘சுக்’னு வெளியே பாயும். பாயும்போது பின்னாடி இருக்கிற புகையையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். அதனால தீக்குள்ள புதுக் காத்து வரும். மேட்டுல இன்ஜின் சிரமப்பட்டு இழுக்க இழுக்க, ‘சுக்’ பலமாகும், தீ கொழுந்துவிடும், ஆவி கூடும். வேலை கூடும்போது பலமும் தானா கூடும். சென்சார் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. சின்ன வயசுல நாம ‘சிக்குபுக்கு’ன்னு ரயில் விட்டோமே, அந்தச் சத்தத்துக்குள்ள இவ்வளவு மூளை இருக்கு!

‘இப்பத்தான் லேசர் கட்டிங், சி.என்.சி., 3டி பிரின்டிங் எல்லாம் வந்துடுச்சே, கையால ராவணுமா?’ நியாயமான கேள்வி. இப்ப மாடல் செய்யற நிறைய பேர் சட்டத்தை லேசர்ல வெட்டித்தான் வாங்கறாங்க. தப்பே இல்லை. லேசர் நீங்க கொடுத்த அளவை அப்படியே வெட்டும். ஆனா அந்த அளவு சரியா, அந்தக் குழாய் அடைச்சுக்குமா, அந்தக் கண்ணாடி பொய் சொல்லுமான்னு அது யோசிக்காது. யோசிக்கிற வேலை இன்னும் நம்ம வேலைதான். அதை விலைக்கு விடவும் முடியாது, விலைக்கு வாங்கவும் முடியாது.

எல்லாரும் இன்ஜின் செய்யணும்னு சொல்லலை. அஞ்சு வருஷம், ஒரு லேத், சொந்த ஷெட்டுக்கெல்லாம் நாம எங்கே போறது? ஆனா ஒரு காரியம் பண்ணலாம். நீங்க வாங்கப்போற புராஜெக்ட்ல, அல்லது அப்படியே எழுதப்போற ரெக்கார்டுல, ஏதாவது ஒரே ஒரு பார்ட்டை எடுத்துக்கோங்க. ஒரு ரெசிஸ்டர், ஒரு கியர், புரோகிராம்ல ஒரு வரி, எகனாமிக்ஸ் அசைன்மென்ட்ல ஒரு பட்டியல், எதுவானாலும் சரி. ‘இது ஏன் இந்த அளவுல இருக்கு? பாதியா குறைச்சா என்ன ஆகும்?’னு கேளுங்க. விடை தெரிஞ்சுதுன்னா, அந்தப் பார்ட் உங்களோடது. தெரியலைன்னா, மாலையில லேப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இருக்கு. போய்க் குறைச்சுப் பாருங்க. என்ன, கொஞ்சம் திட்டு விழும்!

நிஜ ஆவி இன்ஜினைப் பக்கத்துல பார்க்கணுமா? நம்ம மேட்டுப்பாளையம் பக்கமே இருக்கு. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தைப் பல்லுக்குப் பல் பிடிச்சு மலை ஏறுற நீலகிரி ரயில். 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. அதுக்கு நாலு சிலிண்டர். ரெண்டு சிலிண்டர் ரயில் சக்கரத்துக்கு, ரெண்டு பல்சக்கரத்துக்கு. முதல்ல சுவிட்சர்லாந்துல இருந்து வந்தது. இப்ப திருச்சி பொன்மலை பணிமனையிலேயே நம்ம ஆட்கள் புதுசா செஞ்சு ஏத்தியிருக்காங்க. அடுத்த தடவை ஊட்டி டூர் போனா, செல்ஃபி எடுத்து முடிச்சதும் போனைப் பாக்கெட்ல போட்டுட்டு, இன்ஜின் பக்கத்துல போய் ஒரு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. எந்தத் தண்டு எதை இழுக்குது, எந்த ‘சுக்’ எந்தச் சிலிண்டரோடதுன்னு கண்டுபிடிங்க.

கண்டுபிடிச்சவங்க எழுதிப் போடுங்க. கண்டுபிடிக்காதவங்க... இன்னொரு தடவை டூர் போடுங்க! அடுத்த வாரம் பார்ப்போம்.